தம்பிக்கு மகளைக் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 42 வயது. ஊர் குடியாத்தம் பக்கம். வீட்டுக்காரர் தறி வைத்து லுங்கி நெய்கிறார். ஒரு பெண், இரண்டு பையன்கள். பெண்ணுக்கு 20 வயது, பி.காம். முடித்திருக்கிறாள். என் தம்பிக்கு 29 வயது. பிறந்ததிலிருந்து ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். ரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் நம்பர் ஃபேக்டர் ஒரு சதவீதத்துக்கும் கீழே. என் அம்மாவின் தம்பியும் ஒன்பது வயதில் பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்தாராம். அம்மாவும் அப்பாவும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் தம்பிக்கு இப்படி என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அம்மா, "அவனுக்கு வெளியில யாரு பொண்ணு குடுப்பாங்க? உன் பொண்ணையே குடு. வெளியில கட்டுனா பொறக்கற புள்ளைக்கும் வந்துடும்" என்று அழுகிறார். என் பையன்கள் இருவருக்கும் (17, 14) எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் என் வழியில் அந்த நோய் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆவணியில் பரிசம் போடலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் ஆடியிலேயே என் கர்ப்பப்பை ஆபரேஷனையும் முடித்துவிடலாம் என்றிருக்கிறோம். பல வருடமாக மாதவிலக்கு எட்டு, பத்து நாள் போகிறது. சின்னவன் பிறந்து பத்தாம் நாள் ரத்தம் கொட்டி இரண்டு பாட்டில் ஏற்றினார்கள், அதிலிருந்தே உடம்பு சரியில்லை. பெண்ணைத் தம்பிக்குக் கொடுக்கலாமா, சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது மகள் கல்யாணத்தைப் பற்றி. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே இரண்டு வரி, அதற்குத்தான் முதல் பதில். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடம் "என் தம்பிக்கு ஹீமோஃபிலியா" என்ற மூன்று சொற்களைச் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. இன்றே போய்ச் சொல்லுங்கள். உங்கள் ரத்தத்தில் எட்டாம் ஃபேக்டர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் உங்கள் மேல் கத்தி வைக்கக் கூடாது. "நோய் தம்பிக்குத்தானே, எனக்கு எதற்கு" என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொன்னால் மகள் விஷயத்துக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 23 ஜோடி குரோமோசோம்கள். அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். எட்டாம் ஃபேக்டரைச் செய்வதற்கான குறிப்பு, அதாவது மரபணு, எக்ஸில் இருக்கிறது, ஒய்யில் இல்லை. இந்தக் கதை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

உங்கள் வீட்டில் தறி இருப்பதால் இப்படிச் சொல்கிறேன். கரைப் பக்கம் பாவில் இரட்டை இழை ஓட்டுவது உண்டல்லவா? அதில் ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும், பார்க்கிறவருக்குத் தெரியாது. ஒற்றை இழை ஓடும் இடத்தில் அறுந்தால் அங்கேயே பல்லிளித்துவிடும். ஒரு எக்ஸில் குறிப்பு பழுதாக இருந்தாலும் பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் இருக்கிறது. ஆணுக்கு அந்த வசதி இல்லை. பாடப்புத்தகத்தில் இதை எக்ஸ் சார்ந்த ஒடுங்கு பண்பு என்று எழுதியிருப்பார்கள். ஒன்று நன்றாக இருந்தால் பழுது ஒடுங்கிப்போகிறது, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

ஹீமோஃபிலியா மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத நிறக்குருடும் இதே பாதையில் வருவதுதான். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போகும் ஊர்கள் நம் பக்கம் இருக்கின்றன. இருபது வயது வரை ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து, ஓட்டத்திலும் தேறிவிட்டு, புள்ளிப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் படிக்க முடியாமல் திரும்பிவந்த பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "எங்கப்பாவுக்கு நல்லாத்தானே தெரியுது?" என்பார்கள். அப்பாவை விடு, அம்மாவின் அப்பாவுக்கு எப்படி என்று கேள் என்பேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். அப்பா மகளுக்கு எக்ஸ் கொடுக்கிறார், மகனுக்கு ஒய் கொடுக்கிறார். மகனின் எக்ஸ் எப்போதும் அம்மா கொடுத்தது. ஆகவே உங்கள் தம்பியின் பழுதான எக்ஸ் உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. உங்கள் அம்மாவின் தம்பிக்கு அது உங்கள் பாட்டியிடமிருந்து வந்தது. உங்கள் அப்பா தம்பிக்குக் கொடுத்தது ஒய் மட்டும். அவர் அத்தை மகனாக இருந்தால் என்ன, முன்பின் தெரியாத அசலூர்க்காரராக இருந்தால் என்ன, தம்பிக்கு நடந்தது நடந்தேதான் இருக்கும். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஊர் சொல்வது இந்த நோயைப் பொறுத்தவரை தவறு. முப்பது வருடமாக அந்தப் பழியைச் சுமந்த உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற நோய்கள் வேறு வகை. அவற்றில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர வேண்டும். தாலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை அப்படிப்பட்டது. இரண்டையும் ஒரே பானையில் போட்டு, குடும்பத்தில் எது வந்தாலும் "சொந்தம், அதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். சில டாக்டர்களும் சொல்கிறார்கள், அதுதான் வருத்தம்.

உங்கள் அம்மாவின் தம்பி, மகன் இருவருக்கும் இருந்ததால் அவரிடம் ஒரு நல்ல எக்ஸும் ஒரு பழுதான எக்ஸும் இருப்பது நிச்சயம். இப்படிப்பட்ட பெண்ணை நாங்கள் கேரியர் என்போம். (கேரியர் என்றதும் டிபன் கேரியர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. பரவாயில்லை. தூக்கிக்கொண்டு போகிறவள், சாப்பிடுகிறவள் அல்ல, பெரும்பாலும்.) மற்ற வாசகர்களுக்காக ஒன்று: ஹீமோஃபிலியா குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இருந்திருக்காது. பழுது புதிதாக ஏற்பட்டிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி இல்லை.

அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றைத்தான் தருகிறார். தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டுவோமே, அதே மாதிரி. வெள்ளை விழுமா கறுப்பு விழுமா என்பது பாதிக்குப் பாதி. போன முறை என்ன விழுந்தது என்று கொட்டைக்கு ஞாபகம் இருக்காது. "பெரியவனுக்கு வந்துடுச்சு, அதனால சின்னவனுக்கு வராது" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் பிறந்தபோதும் ஒரு கொட்டை உருண்டது. எது விழுந்தது என்று தெரியாது. அப்பாவின் எக்ஸ் நல்லது என்பதால் உங்களுக்கு ஒரு நல்ல எக்ஸ் நிச்சயம். மற்றதுதான் கேள்வி.

பையன்கள் இருவருக்கும் இல்லை, எனவே என் வழியில் இல்லை என்கிறீர்கள். இதில் பாதி சரி. பையன்கள் விஷயம் முழுக்கச் சரி. தம்பிக்கு இருப்பது கடுமையான வகை. ஒரு குடும்பத்துக்குள் அதன் கடுமை தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதில்லை. இருந்திருந்தால் தவழ்ந்து முட்டி தேய்ந்த வயதிலேயே தெரிந்திருக்கும். அவர்கள் எக்ஸ் நல்லது. அவர்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் வழியாக வராது. நாளை அவர்களுக்குப் பெண் பார்க்கும்போது இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அவர்களை வைத்து உங்களை முடிவு செய்ய முடியாது. உங்களைப் போலவே கேரியர் அம்மாவுக்குப் பிறந்து, தலா இரண்டு பையன்கள் பெற்ற எட்டு அக்காமார்களை வரிசையாக நிற்க வையுங்கள். பாதிக்குப் பாதி என்பதால் நால்வர் கேரியர், நால்வர் இல்லை. கேரியர் இல்லாத நால்வரின் பையன்களுக்கும் நோய் இருக்காது. கேரியரான நால்வரில் இரண்டு பையன்களும் தப்பித்தது சராசரியாக ஒருவருக்குத்தான் இருக்கும். மற்ற மூவர் வீட்டில் ஒருவனுக்காவது வந்திருக்கும். இப்போது "இரண்டு பையன்களும் நல்லாயிருக்காங்க" என்று கை தூக்குகிறவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் கேரியர். ஆகப் பையன்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் கேரியராக இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதில் பாதி, பத்தில் ஒன்று, உங்கள் மகளுக்கு.

இந்த ஐந்தில் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன், உங்கள் கடைசி இரண்டு வரி மட்டும் இல்லையென்றால். இரட்டை இழை என்று சொன்னேனே, அதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. கருவிலேயே, சின்னஞ்சிறு பருவத்திலேயே, ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை ஏறக்குறைய மூடிவிட்டு மற்றதை வைத்துக்கொள்கிறது. எதை மூடுவது என்பதும் புளியங்கொட்டைக் கணக்குதான். 1961இல் மேரி லயன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி எலிகளின் ரோம நிறத்தைப் பார்த்து இதைச் சொன்னார். கேரியர் பெண்ணுக்குச் சராசரியாகப் பாதி அளவு ஃபேக்டர் இருக்கும். ஆனால் சராசரி என்பது சராசரிதான். நல்ல எக்ஸை மூடிய செல்கள் அதிகமாகிவிட்டால் அவளுக்கு முப்பது, இருபது சதவீதம் என்று இறங்கிவிடலாம். நாற்பதுக்குக் கீழே என்றால் அவளும் லேசான ஹீமோஃபிலியா நோயாளியே, பெண்ணாக இருந்தாலும். அன்றாடம் அவளுக்கு எதுவும் தெரியாது. பல் பிடுங்கும்போது, பிரசவத்தில், ஆபரேஷன் மேஜையில் தெரியும். மாதாமாதம் எட்டு, பத்து நாள் போகும், "எங்க வீட்ல எல்லாப் பொம்பளைங்களுக்கும் அப்படித்தான்" என்பார்கள்.

பிரசவத்துக்குப் பத்தாம் நாள் ரத்தம் கொட்டியதே, அதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. கர்ப்ப காலத்தில் எட்டாம் ஃபேக்டர் தானாக ஏறும். குறைவாக உள்ள பெண்ணுக்கும் பிரசவ நேரத்தில் போதுமான அளவுக்கு வந்துவிடும். குழந்தை பிறந்தபின் ஓரிரு வாரத்தில் பழைய இடத்துக்கு இறங்கும். வீட்டுக்கு வந்து, பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் திடீரென்று ரத்தம். வேறு காரணங்களாலும் இப்படி ஆகும், நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருந்தாலும் ஆகும். மாதவிலக்கு அதிகமாவதற்கு ஃபைப்ராய்டு கட்டி, தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஹீமோஃபிலியா குடும்பத்துப் பெண் இதைச் சொன்னால் ஐந்தில் ஒன்று என்ற கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு ரத்தம் எடுக்கத்தான் வேண்டும். ஃபேக்டர் குறைவு என்று தெரிந்தால் மாத்திரையிலேயே ரத்தப்போக்கு கட்டுப்பட்டு, கர்ப்பப்பையை எடுக்கும் தேவையே இல்லாமல் போகலாம். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும், ஃபேக்டர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்த நோய் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வார்கள். அதுவரை வலிக்கென்று ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

இனி கல்யாணம்.

உங்கள் மகளைத் தம்பிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மகள் கேரியர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும் பையன்களுக்கு நோய் வராது, அவர்கள் எக்ஸ் அவளுடையது. பெண்கள் எல்லோரும் கேரியர், ஏனென்றால் தம்பியிடம் இருப்பது ஒரே எக்ஸ், அதைத்தான் மகள்களுக்குத் தர முடியும். மகள் கேரியர் என்று வைத்துக்கொண்டால் கதை வேறு. ஒவ்வொரு பையனுக்கும் பாதி வாய்ப்பு. பெண் குழந்தைக்கு அப்பா வழியில் பழுதான எக்ஸ் கண்டிப்பாக வரும், அம்மா வழியிலும் பாதி வாய்ப்பில் வரும். இரண்டும் பழுதானால் அந்தப் பெண் குழந்தைக்குத் தம்பிக்கு இருப்பதைப் போலவே கடுமையான ஹீமோஃபிலியா. பெண்களுக்கு ஹீமோஃபிலியா வராது என்று பள்ளியில் படித்திருப்போம். அதைப் பொய்யாக்கும் வழிகளில் ஒன்று மாமனும் அக்கா மகளும் கட்டிக்கொள்வது. அந்தக் குழந்தை வயதுக்கு வரும் நாளை நினைத்துப் பாருங்கள், நான் மேலே எழுதத் தேவையில்லை.

வெளியில் கட்டினால்? உங்கள் அம்மா பயப்படுவதற்கு நேர் எதிர். வெளிப்பெண் கேரியராக இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. தம்பிக்குப் பிறக்கும் பையன்கள் அத்தனை பேரும் நோய் இல்லாதவர்கள். பாதிக்குப் பாதி என்பதெல்லாம் இல்லை, அத்தனை பேரும். அப்பா கொடுப்பது ஒய். ஒய்யில் அந்தக் குறிப்பே இல்லை, பழுதாவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பெண்கள் எல்லோரும் கேரியர், அது மட்டும் உண்டு. ஆக "வெளியில கட்டுனா புள்ளைக்கும் வந்துடும்" என்பதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். உள்ளே கட்டினால்தான் வர வழி இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. விக்டோரியா மகாராணி கேரியர். அவர் மகன் லியோபோல்டு நோயாளி, 1884இல் கீழே விழுந்து ரத்தக்கசிவில் இறந்தார். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் அப்பா இறந்த பிறகு பிறந்தவர், அவருக்கு நோய் இல்லை. மகள் ஆலிஸ் ஒரு குறையும் இல்லாமல் தொண்ணூற்றேழு வயது வரை வாழ்ந்தார். ஆலிஸின் மகன் ரூபர்ட்டுக்கு ஹீமோஃபிலியா, 1928இல் கார் விபத்துக்குப் பின் இறந்தார். தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு. உங்கள் தம்பி வெளியில் பெண் எடுத்தால் நடக்கக்கூடியது இதுதான், ஆனால் ஆலிஸ் காலத்தில் இல்லாத பரிசோதனையும் மருந்தும் இன்று இருக்கின்றன. (அந்த அரச குடும்பத்துக்கு வந்தது எட்டாம் ஃபேக்டர் அல்ல, ஒன்பதாம் ஃபேக்டர் வகை என்று 2009இல் ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். கடத்தும் பாதை இரண்டுக்கும் ஒன்றேதான்.)

தம்பிக்குச் சொந்தத்திலேயே வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் உறவுமுறையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாமன் மகள் என்றால், அந்த மாமன் நோய் இல்லாதவராக இருந்தால் அவர் வழியில் அவளுக்கு எதுவும் வராது. நோயுள்ள மாமனின் மகள் என்றால் அவள் நிச்சயமாகக் கேரியர். பெரியம்மா, சின்னம்மாவின் பேத்திமார்கள் உங்கள் மகளைப் போலவே சந்தேகத்தில் இருப்பவர்கள். அப்பா கூடப் பிறந்த அத்தையின் மகள் பொதுவாகத் தள்ளி நிற்பவள். ஆனால் உங்கள் குடும்பத்தில் அப்பா வழியும் அம்மா வழியும் ஏற்கெனவே ஒன்றில் ஒன்று பின்னிக் கிடப்பதால், முழுப் படத்தையும் வரைந்து பார்க்காமல் அத்தை மகளையும் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

மகள் கேரியர் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் கட்டிவைக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹீமோஃபிலியா என்ற தடை அப்போது நீங்கும். ஆனால் மாமனும் அக்கா மகளும் மரபணுவில் சராசரியாகக் கால்பங்கைப் பகிர்ந்துகொள்கிறவர்கள், அத்தை மகன் மாமன் மகளைப் போல இரண்டு மடங்கு. மேலே சொன்ன தாலசீமியா வகை நோய்கள் கூடும் இடம் அதுதான். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். இன்னொன்று, இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. பி.காம். முடித்த பெண், இருபது வயது. மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு, அவர் முட்டி வீங்கிக் கிடக்கும்போது ஐஸ் வைத்துக்கொடுத்து வளர்ந்தவளாக இருப்பாள். பாட்டி அழுகிறாள் என்பதற்காக அவள் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. ரத்தப் பரிசோதனைக்கும் அவள் சம்மதம்தான் வேண்டும், உங்களுடையதல்ல. அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேச எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

பரிசோதனையில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மகள் அல்ல, தம்பி. அவர் மரபணுவில் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடுமையான எட்டாம் ஃபேக்டர் நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஒரே வகைப் பழுது: மரபணுவின் ஒரு பகுதி பெயர்ந்து தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதை முதலில் பார்ப்பார்கள், இல்லையென்றால் எழுத்தெழுத்தாகத் தேடுவார்கள். தம்பியிடம் கிடைத்த பழுது உங்களிடம் இருக்கிறதா என்று பிறகு பார்ப்பது எளிது. உங்களிடம் இல்லையென்றால் மகளுக்குப் பரிசோதனையே தேவையில்லை. இருந்தால் மட்டும் அவளுக்கு.

வெறும் ஃபேக்டர் அளவை வைத்துக் கேரியர் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இதை நான் அடிபட்டுக் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், உங்களைப் போலத் தம்பிக்கு நோய் உள்ள ஒரு பெண் வந்தார். ஃபேக்டர் எண்பது சதவீதம். "நார்மல்மா, தைரியமா கல்யாணம் பண்ணிக்கோ" என்று அனுப்பினேன். மூன்று வருடம் கழித்து மடியில் பையனோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். தவழ ஆரம்பித்த குழந்தை, முட்டி இரண்டும் கத்தரிக்காய் நிறம். அவர் என்னைத் திட்டவில்லை. பழைய ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார், அவ்வளவுதான். அளவு குறைவாக இருந்தால் கேரியர் என்று பெரும்பாலும் சொல்லலாம். அளவு சரியாக இருந்தால் எதுவும் சொல்ல முடியாது.

மகள் கேரியர் என்று வந்தாலும் அவள் வாழ்க்கை நின்றுவிடப் போவதில்லை. கர்ப்பமானால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் துளி எடுத்துக் கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க முடியும். 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கிறது, ஆனால் இப்படிப் பால் சார்ந்து வரும் மரபு நோயைக் கண்டறியப் பதிவுபெற்ற மையங்களில் சோதிப்பதை அனுமதிக்கிறது. பார்க்க வேண்டாம் என்று அவளும் அவள் கணவனும் முடிவெடுத்தால் அதுவும் சரி. பிரசவம் பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆயுதம், வாக்குவம் போடாமல் குழந்தையை எடுப்பார்கள். தொப்புள்கொடி ரத்தத்திலேயே ஃபேக்டரைப் பார்த்துவிடலாம்.

உங்கள் அம்மாவின் அழுகைக்கு அடியில் இருப்பது "அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க" என்பதுதான். அம்மா மனதில் இருப்பது ஒன்பது வயதில் போன தன் தம்பி. அது வேறு காலம். இப்போது அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. ரத்தக்கசிவைத் தடுக்கத் தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் ஊசி வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது, தம்பிக்கு அட்டை இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலேயே டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் கடுமையான எட்டாம் ஃபேக்டர் நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ரத்த மூலச்செல்களை எடுத்து நல்ல மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் அதன் விவரம் வெளியானது. கண்காணித்த காலத்தில் ரத்தக்கசிவு நின்றிருந்தது. ஆய்வு நிலையில் இருக்கும் சிகிச்சை, நாளைக்கே தம்பிக்குக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. கிடைத்தாலும் அது மாற்றுவது ரத்தத்தை மட்டும்தான், விந்தணுவை அல்ல. அவர் பெறும் மகள்கள் அப்போதும் கேரியர்களே.

வேலை பார்க்கிற, ஒழுங்காக ஃபேக்டர் போட்டுக்கொள்கிற பையனுக்குப் பெண் கிடைக்கும். தாமதமாகலாம். ஒன்றே ஒன்று, மறைத்துக் கட்டாதீர்கள். பெண் வீட்டாரை என்னிடம் அழைத்து வாருங்கள், மேலே எழுதியதையே அவர்களுக்கும் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு முட்டி வீக்கத்தில் தெரிந்துகொண்டு வந்து அழும் மருமகள்களுக்குத்தான் என்னிடம் பதில் இருப்பதில்லை.

வரும்போது அம்மாவையும் அழைத்து வாருங்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்குக் கறுப்பு, கேரியருக்கு நடுவில் புள்ளி என்று குடும்பப் படம் வரைவேன். பாட்டியின் வட்டத்தில் நான் புள்ளி வைக்கும்போது ஒவ்வொரு வீட்டு அம்மாவும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அப்போ என் வயித்துலதான் இருந்துதா அது?" உங்கள் அம்மாவும் கேட்பார். அவர் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில்லை, அவர் அம்மாவும் அப்படியே என்று அந்தப் படத்தைக் காட்டித்தான் சொல்ல முடியும், கடிதத்தில் முடியாது. அவரிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அவருக்கு அக்கா தங்கை உண்டா? அவர்களுக்குப் பெண்கள் உண்டா, எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்? அவர்களில் யாராவது இப்போது மாசமாக இருந்தால் ஆவணி வரை காத்திருக்க முடியாது.

தம்பியின் பழைய ஃபைலையும் ஃபேக்டர் ரிப்போர்ட்டையும், உங்கள் சின்னவன் பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. செவ்வாய்க்கிழமையாயிற்றே என்று தயங்காமல் அன்றைக்கே காலையில் வந்துவிடுங்கள்.